வாப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்

கீழக்கரைத் தம்பி ஒருவர் துபாயிலிருந்து கேட்டிருக்கிறார். அவருடைய வாப்பாவுக்கு 71 வயது. ராத்திரியில் ஐந்தாறு தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறாரே என்று ராமநாதபுரத்தில் காட்டியதில், ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி விடும் புரதம்) 26 என்று வந்தது. மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் அந்தப் புராஸ்டேட்டிலிருந்து பயாப்ஸிக்கு எடுத்த 12 துண்டில் 7 துண்டில் புற்றுநோய். கிளீசன் மதிப்பெண் 4+4, மொத்தம் 8. எலும்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் ஹார்மோன் ஊசியும் கரண்டும், அதாவது கதிர்வீச்சும், போதும் என்கிறார். சென்னையில் இருக்கும் மச்சான் ரோபோ ஆபரேஷன் என்கிறார், வாப்பாவின் தம்பி சாச்சா மூலிகை என்கிறார். உம்மாவோ, "அவுகளுக்கு இது தெரியவே கூடாது" என்கிறார். "நான் உடனே லீவு போட்டு வரணுமா? எதைத் தேர்ந்தெடுக்கணும்?" என்பது கேள்வி.

தம்பி, நான் மண்டபத்துக்காரன். டாக்டர் இல்லை. அரசுப் பணியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது வருஷம் யூராலஜி, அதாவது சிறுநீர் சம்பந்தமான நோய்களுக்கான வார்டு. எங்கள் அய்யாவுக்கும் இதே நோய் வந்தது. அதனால் வார்டில் நின்று பார்த்ததும் உண்டு, வீட்டில் விழித்திருந்து பார்த்ததும் உண்டு. மருந்தை முடிவு செய்ய வேண்டியது உங்கள் டாக்டர். அவர் முன்னால் போய் உட்காரும்போது எதைக் கேட்பது, எதற்குப் பதறக் கூடாது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

டிக்கெட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இன்றைக்கே ஓடிவர வேண்டாம். புராஸ்டேட் கேன்சர் பெரும்பாலும் மெதுவாக நகர்கிற நோய். உங்கள் வாப்பாவுடையது அதில் கொஞ்சம் வேகமான ரகம்தான். ஆனாலும் மீதிப் பரிசோதனைகளை முடித்து, இரண்டு டாக்டர்களிடம் பேசி, வீட்டில் உட்கார்ந்து யோசிக்க மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்வதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. பயாப்ஸி எடுத்த இடம் ஆறட்டும் என்று ஆபரேஷனையே சில வாரம் தள்ளித்தான் வைப்பார்கள். மாதக்கணக்கில் இழுப்பதுதான் தப்பு. லீவை இப்போதே கரைத்துவிட்டால், சிகிச்சை ஓடும்போது நீங்கள் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். முடிவெடுக்கும் வாரம் ஒரு தடவை, சிகிச்சை தொடங்கும்போது இன்னொரு தடவை என்று பிரித்து வையுங்கள். இந்தப் பொறுமைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது கால் சம்பந்தப்பட்டது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது அந்த 8. வார்டில் இந்த எண்ணைப் பார்த்து அழாத குடும்பம் குறைவு. "பத்துக்கு எட்டுன்னா எண்பது பர்சன்ட் பரவிருச்சா சார்?" என்பார்கள். இல்லை. இது டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் 1960-களில் வகுத்த முறை. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது செல்கள் எவ்வளவு ஒழுங்கு தப்பிக் கிடக்கின்றன என்று 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். அதிகம் தென்படும் வகைக்கு ஒரு எண், அதற்கடுத்ததற்கு ஒரு எண், இரண்டையும் கூட்டுவார்கள். இப்போதெல்லாம் பயாப்ஸியில் 6-க்குக் கீழே யாரும் எழுதுவதில்லை. ஆகவே 6 தான் அடிப்படி, 10 உச்சிப்படி. 8 என்றால் செல்லின் குணம் முரடு. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது, அதை ஸ்கேன்தான் சொல்லும். உங்கள் ரிப்போர்ட்டின் கடைசியில் 'கிரேடு குரூப் 4' என்று இருக்கும், அதுவும் இதே விஷயம்தான். அதைப் படித்துவிட்டு 'நாலாவது ஸ்டேஜ்' என்று உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். இந்தக் குழப்பத்தில் நிலத்தை விற்க விலை பேசின குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பி.எஸ்.ஏ. 20-ஐத் தாண்டினாலும், கிளீசன் 8-ஐத் தொட்டாலும் 'ஹை ரிஸ்க்' என்று எழுதுவார்கள். வாப்பாவுக்கு இரண்டுமே இருக்கிறது. சும்மா விட்டால் வெளியே பரவ வாய்ப்பு அதிகம், அதனால் வைத்தியம் கட்டாயம் என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். எலும்புக்குப் போகாத வரை, முழுதாகக் குணப்படுத்துவதையே குறியாக வைத்துத்தான் வைத்தியம் பார்ப்பார்கள்.

அதனால்தான், எலும்புக்குப் போகவில்லை என்பதை இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்வது நல்லது. பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் (புராஸ்டேட் புற்று உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்டுவது) எடுக்கலாமா என்று கேளுங்கள். 2020-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் வாப்பாவைப் போன்ற 302 பேரைப் பார்த்தார்கள். வழக்கமான சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் 65% சரியாகச் சொல்லின, பி.எஸ்.எம்.ஏ. பெட் 92% சரியாகச் சொல்லியது. செலவு கூடுதல்தான். ஆனால் பெரிய ஆபரேஷனைச் செய்துவிட்டு, எலும்பில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருந்ததைப் பின்னால் கண்டுபிடிப்பதைவிட இது மலிவு. இன்னொன்று, பயாப்ஸி செய்த லேபிலிருந்து திசு வைத்த ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு பெரிய மருத்துவமனைக்குப் போனால் அவர்கள் மறுபடி பார்க்கக் கேட்பார்கள். அது கையில் இல்லாமல் கீழக்கரைக்கும் சென்னைக்கும் அலைந்தவர்கள் நிறைய. வாப்பா ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு, டூடாஸ்டெரைடு மாத்திரை எதுவும் சாப்பிட்டு வந்தாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரைகள் ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ.வைக் கிட்டத்தட்ட பாதியாகக் காட்டும். அப்படியென்றால் 26 என்பது உண்மையில் 50 பக்கம் இருக்கலாம்.

இணையத்தில் தேடியிருந்தால் "ஒன்றும் செய்யாமல் கண்காணித்தாலே போதும்" என்று படித்திருப்பீர்கள். அது பொய் இல்லை. பிரிட்டனில் 1,643 பேரை ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்த ஆய்வின் 15 வருட முடிவு 2023-ல் வந்தது. எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆனால் அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பி.எஸ்.ஏ.வும் கிளீசனும் குறைவாக இருந்தவர்கள். வாப்பா அந்தக் கூட்டத்தில் இல்லை. அதனால் அந்தக் கட்டுரைகளை மூடி வைத்துவிடலாம்.

இனி இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்ன விஷயம். இருவரும் தப்புச் சொல்லவில்லை. அறுவை நிபுணர் அறுவையைச் சொல்வார், கதிர்வீச்சு நிபுணர் கதிர்வீச்சைச் சொல்வார். அவரவர் கைத்தொழில் அது. இந்தக் கட்டத்தில் இரண்டும் நியாயமான வழிதான், தரும் தொல்லைதான் வேறு வேறு.

ஆபரேஷன் என்றால் புராஸ்டேட்டை முழுதாக எடுத்து, பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். ஒன்று இரண்டு வாரம் சிறுநீர் போக டியூப் இருக்கும். எடுத்த பிறகு சிறுநீர் கசியும். பலருக்குச் சில மாதத்தில் அடங்கும், சிலருக்கு இருமினால், குனிந்தால் கசிவது நின்றே போகாது. வயது கூடக் கூட அடங்குவதும் தாமதமாகும். விறைப்புத் தன்மை பெரும்பாலும் போய்விடும். இவ்வளவும் தாண்டி, கிளீசன் 8-ல் ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சும் தேவைப்படுகிறவர்கள் கணிசமாக உண்டு. ரோபோ பற்றி மச்சானுக்கு ஒரு வார்த்தை: ரத்தப்போக்கு குறையும், சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 308 பேரிடம் நடந்த ஒப்பீட்டில், இரண்டு வருடம் கழித்துச் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் விறைப்பிலும் ரோபோவுக்கும் சாதாரண ஆபரேஷனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மெஷினைவிட அதைப் பிடித்திருக்கும் கை முக்கியம். "வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க?" என்று டாக்டரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கதிர்வீச்சை நம் பக்கத்தில் 'கரண்ட் வைக்கிறது' என்போம். வலிக்காது, சுடாது. முன்பெல்லாம் ஏழெட்டு வாரம் வைத்தார்கள், இப்போது பல இடங்களில் நான்கு வாரத்தில் 20 தடவையாக முடிக்கிறார்கள். கசிவு ஆபரேஷன் அளவுக்கு வராது. அதற்குப் பதில் ஒன்றுக்கு அவசரம், எரிச்சல், வயிற்றுப்போக்கு என்று சில வாரம் படுத்தும். சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து மலத்தில் ரத்தம் வரும். இந்த ரகத்துக்குக் கரண்ட் மட்டும் போதாது, கூடவே ஆண் ஹார்மோனை நிறுத்தும் ஊசி வேண்டும். அதை 18 மாதத்திலிருந்து 3 வருடம் வரை போடுவார்கள். எம்.ஆர்.ஐ.யில் கட்டி புராஸ்டேட்டின் உறையைத் தாண்டி வெளியே வந்திருப்பதாகச் சொன்னால், கூடவே ஆண் ஹார்மோனை இன்னும் அடக்கும் அபிராடிரோன் மாத்திரை இரண்டு வருடம் வேண்டுமா என்று கேளுங்கள். 2022-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, அப்படிப்பட்டவர்களுக்கு அது ஆயுளைக் கூட்டுவதாகக் காட்டியது.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், 71 வயது, இந்த எண்கள், கூடவே சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் கரண்டும் ஊசியும் பக்கம் சாய்வேன். ஒன்றுக்கே போக முடியாமல் அடைப்பு அதிகம் இருந்தால் கணக்கு மாறும். ஆனால் தம்பி, என் சாய்வும் உங்கள் சாய்வும் இதில் பெரிதில்லை. எந்தத் தொல்லையோடு வாழ முடியும் என்று சொல்ல வேண்டியவர் வாப்பா. அவரிடம் யாராவது கேட்டீர்களா?

என் வார்டில் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். மகன்கள் எல்லோரும் கூடி ஆபரேஷனை முடிவு செய்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கசிவு நிற்கவில்லை. அவருக்கு வலியைப் பற்றிக் கவலையில்லை. "ஒளு நிக்க மாட்டேங்குது, பள்ளிக்கு எப்படிப் போவேன்?" என்பதுதான் கவலை. ஒளு என்பது தொழுகைக்கு முன் கை கால் கழுவிச் சுத்தமாவது, சிறுநீர் கசிந்தால் அது முறிந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கூடப் போகாமல் நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். அப்புறம் மார்க்கம் படித்த ஆலிம்சா ஒருவர் வந்து, கசிவு நிற்காதவர் ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் இடத்தைச் சுத்தம் செய்து, துணி மாற்றி, புதிதாக ஒளு செய்து தொழுதால் தொழுகை கூடும், மார்க்கத்தில் இதற்கு இடமுண்டு என்று விளக்கின பிறகுதான் வெளியே வந்தார். எந்த டாக்டரும் அவரிடம் தொழுகையைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டிருந்தால் அவர் வேறு வழியைத் தேர்ந்திருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். உங்கள் வாப்பாவுக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். அது பள்ளிவாசலாக இருக்கலாம், கடையில் போய் உட்கார்வதாக இருக்கலாம், உம்மாவோடு மக்காவுக்கு உம்ரா போகும் ஆசையாக இருக்கலாம்.

தாம்பத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. 71 வயதில் அதெல்லாம் என்ன என்று பிள்ளைகள் நினைப்பார்கள், டாக்டரும் மகன் முன்னால் கேட்க மாட்டார். டாக்டரைப் பார்க்கும்போது ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். வாப்பாவும் டாக்டரும் மட்டும் பேசட்டும். ஏன் வெளியே போனீர்கள் என்று விளக்க வேண்டியதில்லை, போன் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் இதையெல்லாம் கேட்க வேண்டுமென்றால் முதலில் அவருக்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். உம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. எங்கள் அய்யா விஷயத்தில் அம்மாவும் இதையேதான் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஒரு மாதம் 'நரம்பு வீக்கம்' என்று சொல்லி ஓட்டினோம். ஒரு நாள் அய்யா என்னைக் கூப்பிட்டு, "மாரியம்மன் கொடைக்கே வராத உன் அத்தை, ஆப்பிள் வாங்கிக்கிட்டு வந்து கட்டில்ல உக்காந்து அழுதுட்டுப் போறா. எனக்கு நரம்பு வீக்கமாடா?" என்று கேட்டார். அவருக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. நாங்கள் வருத்தப்படுவோம் என்று அவரும், அவர் வருத்தப்படுவார் என்று நாங்களும் ஒரு மாதம் நடித்திருக்கிறோம். அந்த மாதம் அவர் தனியாகப் பயந்து கிடந்த மாதம். அதை இன்றும் என்னால் சரிசெய்துகொள்ள முடியவில்லை.

மறைப்பது நடைமுறையிலும் முடியாது. மதுரையில் கரண்ட் வைக்கும் இடத்து வாசலிலேயே புற்றுநோய்ப் பிரிவு என்று போர்டு இருக்கும். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. பக்கத்துக் கட்டில்காரர் முதல் நாளே "உங்களுக்கு எங்க கேன்சர்?" என்று கேட்பார். போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது நல்லது.

எப்படிச் சொல்வது? ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். "வாப்பா, டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு. உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று கேளுங்கள். "நீயே பாத்துக்க" என்றால் அதுவும் ஒரு பதில்தான், அன்றைக்கு அதோடு விடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். அவர் கேட்டால் கேன்சர் என்ற சொல்லை விழுங்காமல் சொல்லுங்கள். அதற்கடுத்த வாக்கியமும் உடனே வரட்டும்: "எலும்புல இல்ல, வைத்தியம் இருக்கு, குணப்படுத்தத்தான் பாக்குறாங்க." உங்கள் வாப்பா விஷயத்தில் இது ஆறுதலுக்குச் சொல்லும் பொய் இல்லை, ரிப்போர்ட்டில் இருப்பதே இதுதான். உம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அவருக்குத் தெரியாமல் செய்தால் வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பும். முடிந்தால் போனில் வேண்டாம், நேரில் வந்திருக்கும்போது, அசர் தொழுகைக்குப் பிறகு, சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து.

இப்போது அந்தக் கால் விஷயம். 2011-ல் எங்கள் அய்யாவுக்கு முதுகுவலி வந்தது. பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருந்தவர், ஐம்பது வருஷம் வலை இழுத்த முதுகு. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எண்ணெய் தேய்த்தோம், வைத்தியரிடம் நீவிவிட்டோம். நர்ஸாக இருந்த நானே டைக்ளோபெனாக் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பகலில் வேலை செய்யும்போது வலிக்காமல் ராத்திரி படுத்தால் கூடுகிற வலி அது. அது சுளுக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் விடிகாலையில் படகில் ஏறப் போனவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் மரத்துப்போயிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் நோய் முதுகெலும்பில் இறங்கித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது, பி.எஸ்.ஏ. 600-ஐத் தாண்டியிருந்தது. அன்றைக்கே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், ஐந்து நாள் கரண்ட் வைத்தார்கள், ஆண் ஹார்மோன் சுரக்கும் விதையை எடுத்தார்கள். கம்பு ஊன்றி நடக்கும் அளவுக்குக் கால் திரும்பியது. அதன் பிறகு நாலு வருஷம் இருந்தார். கடலுக்குப் போகவில்லை, கிழிந்த வலைகளைத் தைத்துக்கொண்டு திண்ணையில் இருந்தார்.

உங்கள் வாப்பா அந்த நிலையில் இல்லை. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். புதிதாக முதுகுவலி வந்து ராத்திரியில் கூடினால், கால் பலம் குறைந்தால், தொடையிடுக்கில் மரத்துப்போனால், திடீரென்று ஒன்றுக்கு நின்றுபோனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே, மணிக்கணக்குப் பார்த்து எம்.ஆர்.ஐ. வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடக்கும்போதே போனவர்கள் நடக்க வாய்ப்பு அதிகம். கால் முழுதாக விழுந்த பிறகு போனால் திரும்புவது அரிது.

'விதை எடுக்கிறது' என்று சொன்னேன் அல்லவா, அதை உங்களிடமும் யாராவது சொல்வார்கள். ஹார்மோனை நிறுத்த மிக மலிவான, ஒரே தடவையில் முடிகிற வழி அது. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்கும் என்று 1941-ல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-ல் நோபல் பரிசே கிடைத்தது. பரவிய நோய்க்கு, அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊசிக்கு வர முடியாத கடற்கரை வீடுகளுக்கு, அது இன்றும் நல்ல வழிதான். வாப்பாவுக்கு ஊசி குறிப்பிட்ட காலம்தான் தேவை. முடிந்ததும் ஹார்மோன் மெல்லத் திரும்ப வாய்ப்புண்டு, விதையை எடுத்துவிட்டால் திரும்பாது. அதனால் செலவை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். சில வகை ஊசிகள் முதல் வாரம் ஹார்மோனைக் கூட்டிவிட்டுத்தான் குறைக்கும். அதைத் தடுக்க முன்னதாகவே பைகலுடமைடு மாத்திரை கொடுப்பார்கள். கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஊசி போட ஆரம்பித்தால் வீட்டில் சில மாற்றம் தெரியும். திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கும். சித்திரை வெயிலில், மின்சாரம் இல்லாத ராத்திரியில் இது படுத்தும் பாடு கொஞ்சமில்லை. அசதி, தொப்பை, மார்பில் வலி, ஆசை அற்றுப்போவது எல்லாம் வரும். காரணம் இல்லாமல் அழுவார், இல்லாவிட்டால் எரிந்து விழுவார். "வாப்பா மாறிட்டாக" என்று தங்கை போனில் சொன்னால், மருந்து செய்கிற வேலை என்று புரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். தினமும் நடை, கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி, டாக்டர் சொன்னால் கால்சியமும் வைட்டமின் டி-யும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால் ஊசிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அபிராடிரோன் எழுதினால் அதைப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையோடுதான் சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றிலா சாப்பாட்டோடா என்று டாக்டர் சொன்னதைத் துளியும் மாற்றக் கூடாது. சாப்பாடு அதன் அளவை ரத்தத்தில் பல மடங்கு கூட்டிவிடும். பி.பி.யும் ஏற்றும் மருந்து அது, அந்த நாட்களில் கருவாட்டைக் கண்ணில் காட்டாதீர்கள். மீன் தாராளமாகச் சாப்பிடலாம்.

கரண்ட் வைக்க நம் ஆட்கள் மதுரைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரங்காபுரத்தில் இருக்கிறது, தனியாரும் உண்டு. ராமநாதபுரத்தில் 2022-லிருந்து மருத்துவக் கல்லூரி இருப்பதால், பின்னால் பி.எஸ்.ஏ. பார்ப்பது, சில்லறைத் தொந்தரவுகளுக்குக் காட்டுவது ஆகியவற்றை அங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கரண்ட் வைக்கும் நான்கு வாரமும் கீழக்கரையிலிருந்து தினமும் போய்வரத் திட்டம் போடாதீர்கள். ஒன்றுக்கு அவசரம் உள்ள மனிதரை மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைப்பது வதை. மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுங்கள். சனி ஞாயிறு பெரும்பாலும் விடுமுறை, வெள்ளி சாயங்காலம் ராமநாதபுரத்துக்கு ரயில் ஏறலாம். ரயிலில் கழிவறை இருக்கிறது என்பது மட்டுமே போதுமான காரணம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ரயில் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75%. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்.

நோன்பு மாதம் குறுக்கே வருமா என்று தேதியைப் பாருங்கள். கரண்ட் வைக்கும்போது மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும், அப்போதுதான் குடல் ஒதுங்கி அடிபடாமல் இருக்கும். அதற்காகத் தினமும் அரை மணி, ஒரு மணிக்கு முன்னால் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். நோன்போடு இது ஒத்துப்போகாது. நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள சலுகை வாப்பாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், ஆனால் பிடிவாதம் பிடிப்பார். அதற்கும் ஆலிம்சாவைத்தான் கூப்பிட வேண்டும், நான் சொன்னால் எடுபடாது.

பணம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. கார்டு இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்குவதிலிருந்து இப்போதே தொடங்குங்கள். சேர்வதற்கு முன்னால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் அனுமதி வாங்க வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் கேட்டால் நடக்காது.

சாச்சாவின் மூலிகையை வெட்டிப் பேசாதீர்கள், அவரும் அண்ணன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். முள்சீத்தா இலையோ லேகியமோ, இந்த நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் காட்டப்பட்ட ஆதாரம் இல்லை. ஈரலையும் கிட்னியையும் கெடுத்துச் சிகிச்சையை நிறுத்த வைத்ததைப் பார்த்திருக்கிறேன். சாச்சாவுக்கு வேறு ஒரு வேலை கொடுங்கள். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஃபைல் போடுவது, பி.எஸ்.ஏ. எண்களை ஒரு தாளில் எழுதி வருவது. நீங்கள் துபாயில் இருக்கும்போது அந்தத் தாள் பெரிய உதவி.

கடைசியாக உங்களைப் பற்றி. வாப்பாவுக்கு இருந்தால் மகன்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்களுக்கும் தம்பிமார்களுக்கும் 45 வயதானதும் பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேசுங்கள். சாச்சாவையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். வாப்பா வழியில் பெண்களுக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், பரம்பரை மரபணுச் சோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். அந்தப் பெண்களுக்கு என்ன நோய் வந்தது என்று இந்த வயதில் நினைவு வைத்திருப்பவர் பெரும்பாலும் வாப்பா ஒருவர்தான், அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.